மைல் கணக்கில் ஒரு யாத்திரை

இந்தியச் சாலைகளிலிருந்து மைல் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. கிலோமீட்டர் கற்கள் நட்டாயிற்று. பள்ளிப் பாடங்களும் மாறியாயிற்று. ஆனால் விமான நிறுவனங்களின் கணக்கில் மைல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே அது தூரமல்ல, நாணயம். கையில் பிடிக்க முடியாத, வட்டி தராத, கெடு தேதி கொண்ட நாணயம். அலுவலக வேலையாக ஊர் ஊராகப் பறப்பவர்கள் அதை ஆண்டுக்கணக்கில் சேர்க்கிறார்கள். அதை வைத்து என்ன வாங்கலாம் என்று கேட்டால் பலருக்கு விடை தெரிவதில்லை.

கிழக்கு தில்லியின் லட்சுமி நகரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் அந்த மருந்துக் கம்பெனி மேலாளரும் தெரியாமல்தான் இருந்தார். வயது 48. பாட்னா, லக்னோ, ராஞ்சி, குவாஹாட்டி என்று மாதத்துக்கு இரண்டு முறையாவது விமானம் ஏறுகிறவர். டிக்கெட் கம்பெனியுடையது, மைல் அவருடையது. வெளிநாட்டு விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. என்றைக்கோ எடுத்துவைத்த பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை கிடையாது. 2025 ஏப்ரலில் விமான நிறுவனத்திடமிருந்து வந்த மின்னஞ்சல் அவரை உலுக்கியது. கணக்கிலிருந்த அறுபதாயிரத்துச் சொச்சம் மைல்களில் பாதிக்கு மேல் செப்டம்பர் 30 அன்று காலாவதியாகும் என்றது அது.

அலுவலகத்தில் விஷயம் பரவியதும் ஆலோசனைகள் குவிந்தன. சிங்கப்பூர் போ என்றார் ஒருவர். கொஞ்சம் மைலை விலைக்கு வாங்கிச் சேர்த்து ஐரோப்பாவுக்கு பிசினஸ் கிளாஸில் போ என்றார் கணக்குப் பிரிவில் இருப்பவர். இத்தகைய கணக்குகளில் புலியான அவர் ஒரு சூத்திரமே எழுதிக் கொடுத்தார். டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து வரியைக் கழித்து, மீதியைச் செலவாகும் மைல்களால் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு கிடைக்கும். அது ஒரு ரூபாய்க்கு மேல் வந்தால் லாபம். ஐம்பது காசுக்குக் கீழே போனால் முட்டாள்தனம்.

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வீட்டில் 71 வயதுத் தாயிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "பேட்டா, அது பசுபதிநாத் போகுமா?"

அந்தக் கேள்விக்கு வயது 13. 2012-ல் தாயும் தந்தையும் கேதார்நாத் சென்றார்கள். மறு ஆண்டு ஜூன் வெள்ளம் அந்தப் பள்ளத்தாக்கைச் சின்னாபின்னமாக்குவதற்கு முன். அங்கே பண்டா ஒருவர் வட இந்தியர்கள் பலருக்கும் தெரிந்த நம்பிக்கையை எடுத்துச் சொன்னார். பாண்டவர்களிடமிருந்து தப்பக் காளையாக மாறிய சிவனின் திமில் கேதாரத்தில், தலை நேபாளத்தின் பசுபதியில். தலையைத் தரிசிக்காமல் யாத்திரை பூர்த்தியாகாது. அடுத்த வருஷம் போகலாம் என்றார் தந்தை. ஒவ்வொரு ஆண்டும் அடுத்த வருஷமே வந்தது. 2019-ல் அவர் காலமானார். தாயின் முழங்கால்கள் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகிக்கொண்டிருந்தன. கோரக்பூர் வரை ரயில், எல்லையில் சுனௌலி, பிறகு மலைப்பாதையில் பஸ் என்ற வழக்கமான வழி அவருக்கு இனி முடியாது. விமானம் ஒன்றே வழி.

கணக்குப் பிரிவு நண்பரின் சூத்திரத்தின்படி இது முட்டாள்தனங்களில் முதலிடம். தில்லியிலிருந்து காட்மாண்டுவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம். ரொக்க விலையே குறைவு. இலவச டிக்கெட் என்று பெயர் இருந்தாலும் விமான நிலையக் கட்டணம், இரு நாட்டு வரிகள், சில நிறுவனங்களில் எரிபொருள் கூடுதல் கட்டணம் எல்லாம் கையிலிருந்து போகும். குறுகிய தடத்தில் இவை டிக்கெட் விலையில் கணிசமான பங்கு. ஆக, மைலின் மதிப்பு சரிந்துவிடுகிறது.

ஆனால் சூத்திரத்தில் ஒரு ஓட்டை உண்டு. பிசினஸ் கிளாஸில் மைலின் மதிப்பு எகிறுவதற்குக் காரணம் அந்த இருக்கையின் விலை. கைப்பணம் கொடுத்து அந்த இருக்கையை மேலாளர் ஒருநாளும் வாங்கப் போவதில்லை. வாங்கவே போகாத பொருளின் விலையை வைத்து லாபம் கணக்கிடுவதில் என்ன இருக்கிறது?

இந்த நாணயத்தை அச்சடித்தது அமெரிக்கா. 1978-ல் அங்கே விமானக் கட்டணங்களின் மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கியதும் நிறுவனங்களுக்கிடையே விலைப்போர் மூண்டது. அடிக்கடி பறக்கும் வாடிக்கையாளரைக் கட்டிப்போட ஒரு கயிறு தேவைப்பட்டது. 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களில் யுனைடெட் பின்தொடர்ந்தது. பறந்த தூரத்துக்கு ஈடாக மைல், மைலுக்கு ஈடாக இருக்கை. எப்படியும் காலியாகப் பறக்கப்போகும் இருக்கையைப் பரிசாகக் கொடுப்பதில் நிறுவனத்துக்குப் பெரிய நஷ்டமில்லை. பிறகு கிரெடிட் கார்டு கம்பெனிகளுக்கு மைல்களை விற்கத் தொடங்கியதும் அதுவே தனித் தொழிலானது. 1999-ல் கலிபோர்னியப் பொறியாளர் ஒருவர் ஏறக்குறைய 3,000 டாலருக்குப் புட்டிங் டப்பாக்கள் 12,000-க்கு மேல் வாங்கி, அவற்றின் மேலட்டைகளை அனுப்பி 12 லட்சம் மைல்களுக்கு மேல் சம்பாதித்தது உலகச் செய்தியானது.

கம்பெனி செலவில் பறந்து சேர்த்த மைல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் கூடவே வந்தது. 2002-ல் ஜெர்மனியில் இது அரசியல் புயலாகியது. அரசுமுறைப் பயணங்களில் சேர்த்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியதாகப் பசுமைக் கட்சியின் செம் ஓஸ்டெமிரும் இடதுசாரித் தலைவர் கிரெகோர் கீசியும் பொறுப்புகளைத் துறக்க நேர்ந்தது. இந்தியாவில் மத்திய அரசு ஊழியர் அரசுப் பயணத்தில் சேர்க்கும் மைல் அரசுப் பயணத்துக்கே பயன்பட வேண்டும் என்பது நிதி அமைச்சக விதி. தனியார் கம்பெனிகள் பலவும் கண்டுகொள்வதில்லை. மாதத்தில் பாதி நாள் வீட்டைவிட்டு விலகி இருப்பதற்கு அதுவாவது இருக்கட்டும் என்பது பேசப்படாத ஒப்பந்தம்.

இருந்தாலும் மைல் என்பது நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே. நிறுவனம் விழுந்தால் வாக்குறுதியும் விழலாம். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் தரையிறங்கியபோது அதன் பயணிகளின் புள்ளிகளும் மண்ணாயின. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் நின்றபோது மைல்கள் உடனே அழியவில்லை. அந்தத் திட்டம் தனிக் கம்பெனியின் கையில் இருந்ததே காரணம். ஆனால் அவற்றைச் செலவழிக்க வேண்டிய விமானமே இல்லாமல் போயிற்று. ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் சேர்ந்தபின், அதன் மைல்களைக் கொண்டு பல வெளிநாட்டு நிறுவனங்களின் விமானங்களிலும் இருக்கை பெற வழி பிறந்தது. 2024 நவம்பரில் விஸ்தாரா அதனுடன் இணைந்தபோது அந்தக் கணக்குகளும் மாற்றப்பட்டன. சேர்த்து வைப்பவரைவிடச் செலவழிப்பவரே புத்திசாலி என்று இந்தத் துறையில் சொல்வதற்கு இதெல்லாம் காரணம்.

செலவழிப்பது என்று முடிவெடுத்த பிறகுதான் மேலாளருக்குச் சோதனை தொடங்கியது. விமானத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக மைலுக்கு இடம் கிடைத்துவிடாது. ஒவ்வொரு விமானத்திலும் பரிசு இருக்கைகளுக்கென்று நிறுவனம் ஒரு சிறு பங்கையே ஒதுக்குகிறது. பல நிறுவனங்கள் ஏறக்குறைய 11 மாதங்களுக்கு முன்பே அதைத் திறக்கின்றன. விற்காது என்று தோன்றினால் கடைசி நாட்களில் இன்னும் சில இருக்கைகளை விடுகின்றன. இடைப்பட்ட காலத்தில் தேடுபவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே.

மே மாதம் முழுவதும் இரவு உணவுக்குப் பிறகு அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஒரு நாள் ஓர் இருக்கை இருக்கும். இரண்டு இருக்காது. போக இருந்தால் வர இருக்காது. கார்டு புள்ளிகளை மைலாக மாற்றி வேறு நிறுவனத்தில் முயலலாமா என்று யோசித்தபோது நண்பர் தடுத்தார். இருக்கையைக் கண்ணால் பார்க்காமல் புள்ளியை மாற்றக்கூடாது, மாற்றினால் திரும்ப வராது. இது நண்பரின் சூத்திரங்களில் உண்மையிலேயே பயன்பட்ட ஒன்று.

ஜூனில் வழி திறந்தது. செப்டம்பர் 10 போகவும் 14 வரவும் இரண்டிரண்டு இருக்கைகள். அந்தத் தேதி காலியாக இருந்த காரணம் தாய்க்கு உடனே புரிந்தது. செப்டம்பர் 7 முதல் 21 வரை பித்ரு பட்சம். வடக்கே அந்தப் பதினைந்து நாட்களில் யாரும் புதிய காரியம் தொடங்கமாட்டார்கள், புதுத் துணிகூட வாங்கமாட்டார்கள். மகன் தயங்கினார். தாய் தயங்கவில்லை. "உன் அப்பாவுக்கும் சேர்த்துத்தானே போகிறேன். அதற்கு இதைவிட நல்ல நாள் ஏது?" என்றார்.

அடுத்த தடை பெயர். சொந்த மைலில் மற்றவருக்கு டிக்கெட் எடுக்க அவரைப் பயனாளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது பல திட்டங்களின் விதி. படிவம் குடும்பப் பெயரைக் கேட்டது. பழக்க தோஷத்தில் தன் குடும்பப் பெயரையே நிரப்பினார் மகன். ஆதார் அட்டையிலோ தாய் வெறும் 'தேவி'. உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் லட்சக்கணக்கான பெண்களுக்கு இருப்பதுபோல. அட்டையில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு பெயரைத் திருத்த மூன்று ஆவணங்கள், ஆறு தொலைபேசி அழைப்புகள், இரண்டு வாரம். நல்லவேளையாக இருக்கைகள் அதற்குள் போய்விடவில்லை.

பாஸ்போர்ட் பிரச்சினை மட்டும் எழவில்லை. 1950-ம் ஆண்டு ஒப்பந்தத்தின் பலனாக இந்தியரும் நேபாளியரும் ஒருவர் நாட்டுக்குள் மற்றவர் விசா இன்றிச் செல்லலாம். விமானத்தில் போகும் இந்தியருக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். 65 வயதைக் கடந்தவர்களுக்கும் 15 வயது நிரம்பாதவர்களுக்கும் அதுவும் வேண்டாம். வயதையும் அடையாளத்தையும் காட்டும் புகைப்பட அட்டை இருந்தால் சரி. 2019 முதல் இந்த இரு பிரிவினருக்கும் ஆதார் ஏற்கப்படுகிறது. இடையில் உள்ள வயதினருக்கு ஆதார் செல்லாது. இதை அறியாமல் விமான நிலையம் வரை வந்து திரும்பும் குடும்பங்கள் உண்டு. தாயின் ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1, 1954. உண்மையில் அவர் பிறந்தது வசந்த பஞ்சமிக்கு மறுநாள். எந்த ஆண்டு என்பது யாருக்கும் நிச்சயமில்லை. தேதி தெரியாத ஒரு தலைமுறையே அரசாங்கக் காகிதங்களில் ஜனவரி முதல் தேதி பிறந்திருக்கிறது.

செப்டம்பர் முதல் வாரம் பெட்டி கட்டியாயிற்று. கங்கை ஜலம் ஒரு சிறு செம்பில் பெட்டிக்குள் வைக்கப்பட்டது.

செப்டம்பர் 4 அன்று நேபாள அரசு 26 சமூக ஊடகங்களைத் தடை செய்தது. 8-ம் தேதி காட்மாண்டுவில் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அன்று ஒரே நாளில் போலீஸ் நடவடிக்கையில் 19 பேர் இறந்தார்கள். மறுநாள் நாடாளுமன்றமும் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரும் தீக்கிரையாயின. பிரதமர் சர்மா ஒலி பதவி விலகினார். திரிபுவன் விமான நிலையம் மூடப்பட்டது. லட்சுமி நகரில் தாயும் மகனும் தொலைக்காட்சியில் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது: மறுநாள் விமானம் ரத்து.

ஊரே எரியும்போது ஒருவரின் டிக்கெட் சின்ன விஷயம்தான். ஆனால் அந்த வீட்டில் அது சின்ன விஷயமல்ல. டிக்கெட்டை ரத்து செய்தால் மைல்கள் கணக்குக்குத் திரும்பும். ஆனால் பழைய கெடு தேதியோடுதான் திரும்பும். இருபது நாட்களில் அவற்றில் பாதி மறைந்துவிடும். மிச்சத்தில் இரண்டு பேர் போய் வர முடியாது. தொலைபேசியில் 50 நிமிடக் காத்திருப்புக்குப் பின் கிடைத்த ஊழியர் முதலில் பணத்தைத் திருப்புவது பற்றியே பேசினார். மகன் விடவில்லை. விமானத்தை ரத்து செய்தது பயணியல்ல, நிறுவனம். ஆகவே டிக்கெட்டை உயிரோடு வைத்துத் தேதியை மட்டும் மாற்ற வேண்டும் என்றார். மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்த ஊழியர் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: பரிசு இருக்கை காலியாக இருக்கும் தேதியாக இருக்க வேண்டும்.

மைல் பயணிகள் நினைவில் வைக்க வேண்டிய நுணுக்கம் இது. ரத்து வேறு, மாற்றம் வேறு. ரத்தானால் பழைய மைல்கள் சேமிப்புக்கே திரும்பி, காலாவதிக் கத்தியின் கீழ் கழுத்தை நீட்டுகின்றன. பயணம் தள்ளிப்போனால் தப்பிக்கின்றன.

நவராத்திரி, தீபாவளி நாட்களில் இடமில்லை. கிடைத்தது நவம்பர் மூன்றாம் வாரம். அதற்குள் சுசீலா கார்க்கி தலைமையில் இடைக்கால அரசு பொறுப்பேற்று, காட்மாண்டு மெல்ல மூச்சுவிடத் தொடங்கியிருந்தது.

தில்லி விமான நிலையத்தின் மூன்றாவது முனையம் 2010-ல் திறக்கப்பட்டது. முழங்கால் வலிக்காரர்களுக்கு அதன் நீளமே ஒரு யாத்திரை. முன்கூட்டியே கேட்டால் சக்கர நாற்காலி இலவசம் என்பதால் தாய்க்கு அந்தக் கஷ்டம் இல்லை. கவுண்டரில் இருந்த இளம்பெண் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாதாஜிக்குப் பாஸ்போர்ட் இல்லையா?" மகன் தயாராக அச்செடுத்து வைத்திருந்த அரசு விதியை நீட்டினார். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சிரித்தார். போர்டிங் பாஸ் கைக்கு வந்தபின்பே மகன் உட்கார்ந்தார்.

காட்மாண்டு விமானத்தில் கேட்டு வாங்க வேண்டியது இடது பக்க ஜன்னல். செப்டம்பரில் போயிருந்தால் அதனால் பயனில்லை. மழைக்கால மேகம் எல்லாவற்றையும் மூடியிருக்கும். நவம்பர் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் பனிச்சுவர் கூடவே வந்தது. தவளகிரி, அன்னபூர்ணா, மனாஸ்லு. எது எது என்று மகன் கைபேசியில் தேடிக்கொண்டிருந்தார். தாய்க்குப் பெயர்கள் தேவைப்படவில்லை. ஜன்னலை நோக்கிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்.

ஒரு காலத்தில் இந்தியருக்கு வெளிநாடு என்றாலே காட்மாண்டு. 1991-க்கு முந்தைய மூடிய பொருளாதார நாட்களில் ஜப்பான் டேப்ரிகார்டருக்கும் கேமராவுக்கும் சீனப் பேனாவுக்கும் புதுமணத் தம்பதிகள் இங்கே வந்தார்கள். நியூ ரோடு கடைகளில் பேரம் பேசி, தில்லி சுங்க அதிகாரியை நினைத்துப் பயந்துகொண்டே திரும்பினார்கள். தாராளமயம் அந்த வியாபாரத்தின் மவுசைக் குறைத்தது. 1999 டிசம்பர் 24 அன்று இங்கிருந்து தில்லி கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் ஐ.சி. 814 விமானம் கந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. ஒரு பயணி கொல்லப்பட்டார். மற்றவர்களை மீட்க மூன்று தீவிரவாதிகளை இந்தியா விடுவிக்க நேர்ந்தது. காட்மாண்டு சேவை 2000-ன் நடுப்பகுதி வரை நிறுத்தி வைக்கப்பட்டது. இன்றும் இங்கிருந்து கிளம்பும் இந்திய விமானங்களில் ஏறுமுன் படிக்கட்டின் அடியில் இன்னொரு முறை சோதனை உண்டு.

விமானத்திலிருந்து இறங்கியதும் கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ள வேண்டும். ஆண்டை 57 ஆண்டுகள் முன்னே தள்ள வேண்டும். விக்ரம சகாப்தப்படி இங்கே 2082 நடந்துகொண்டிருந்தது. நூறு இந்திய ரூபாய்க்கு நூற்று அறுபது நேபாள ரூபாய் என்பது 1993-லிருந்து மாறாத கணக்கு. 500 ரூபாய் நோட்டு பற்றிய விதிகள் பலமுறை மாறியிருப்பதால் நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுபோவதே வம்பில்லாத வழி. 2024 மார்ச் முதல் பல கடைகளில் இந்திய யு.பி.ஐ. மூலமும் பணம் செலுத்த முடிகிறது. விசா கேட்டு வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்க, இந்தியர் அட்டையைக் காட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம். வாழ்நாளில் முதல்முறையாக ஒருத்தர் காத்திருக்காத வரிசை அது என்றார் தாய்.

கோயில் விமான நிலையத்தின் அண்டை வீடு. பசுபதிநாத்தின் பொன்முலாம் பூசிய இரண்டடுக்குக் கூரைக்குமேல் விமானங்கள் தாழப் பறக்கின்றன. கீழே பாக்மதிக் கரையில் ஆர்ய காட். சிதைகள் அணையாமல் எரியும் இடம். கருவறையில் நான்கு திசைக்கும் முகம் காட்டும் லிங்கம். பூஜை செய்யும் பட்டர்கள் தலைமுறை தலைமுறையாகக் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள். 2009 ஜனவரியை ஒட்டி மாவோயிஸ்டு அரசு அவர்களுக்குப் பதிலாக நேபாளிகளை நியமிக்க முயன்றபோது எழுந்த எதிர்ப்பில் அந்த முடிவு கைவிடப்பட்டது.

கௌசாலா பகுதியில் தர்மசாலையில் அறை எடுத்திருந்தார்கள். அன்று மாலை கோயிலுக்குப் போனபோது கூட்டம் நெரிந்தது. கரையெங்கும் குடும்பம் குடும்பமாகப் பாயும் போர்வையும் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நூற்றுக்கணக்கில் அகல் விளக்குகள். என்ன விசேஷம் என்று மகன் விசாரித்தார். பாலா சதுர்த்தசி என்றார்கள்.

நவம்பர் மத்தியிலோ டிசம்பரிலோ அமாவாசைக்கு முந்தைய நாள் வரும் நேபாளத்தின் விரதம் அது. இறந்துபோன உறவினருக்காக இரவு முழுக்க விளக்கேற்றிக் கண்விழித்து, விடிந்ததும் பாக்மதியில் குளித்து, கோயிலைச் சூழ்ந்த குன்றுகளிலும் வனத்திலும் தானியம் தூவிக்கொண்டே நடப்பார்கள். நெல், பார்லி, எள், கோதுமை, கடலை, மக்காச்சோளம், தினை. 'சத்பீஜ்' என்று அதற்குப் பெயர். தேதியைத் தேர்ந்தெடுத்தது விமான நிறுவனத்தின் காலி இருக்கை. பஞ்சாங்கத்தை யாரும் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு விளக்கேற்ற வேறு காரணங்களும் இருந்தன. செப்டம்பரில் பிள்ளைகளை இழந்த வீடுகள் காட்மாண்டுவில் ஏராளம். போராட்டத்திலும் அதைத் தொடர்ந்த கலவரத்திலுமாக 70-க்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பகலில் டாக்ஸி ஓட்டுநர் சிங்க தர்பார் பக்கம் கைகாட்டி, "எரிந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு மௌனமானார். பத்து ஆண்டுகளுக்கு முன், 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில், இதே நகரம் இடிந்து விழுந்தது. நேபாளத்தில் ஏறக்குறைய 9,000 பேரைப் பலிகொண்ட அழிவு அது. ஊருக்கே பெயர் தந்ததாகச் சொல்லப்படும் காஷ்ட மண்டபம் தரைமட்டமாயிற்று. பிறகு உள்ளூர்க்காரர்களின் உழைப்பில் மீண்டும் எழுந்தது. பௌத்தநாத்தின் பெரிய ஸ்தூபி 2016 நவம்பரிலேயே சீராகித் திறந்துவிட்டது. எரிவதும் இடிவதும் கட்டுவதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு அது ஆறுதலாகாது.

விடிகாலை நான்கு மணிக்குத் தாய் ஊன்றுகோலுடன் கிளம்பிவிட்டார். முழு வலமும் நடக்க முடியாது என்று மகன் சொல்லிப் பார்த்தார். முதல் படிக்கட்டு வரிசை முடிவதற்குள் அவரே நின்றுவிட்டார். கையில் தானியமும் இல்லை. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த நேபாளிப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். துக்கத்துக்கான வெள்ளை உடை. "ஆமா, யாருக்கு?" என்று கேட்டாள். நேபாளியில் ஆமா என்றால் அம்மா. அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கணவருக்கு என்று இந்தியில் சொன்னார் தாய். அந்தப் பெண் தன் துணிப்பையிலிருந்து இரண்டு கை நிறைய அள்ளி அவர் முந்தானையில் போட்டாள். உங்களுக்கு யார் என்று தாய் திருப்பிக் கேட்கவில்லை. இருவரும் எட்டிய வரை தூவினார்கள். பிறகு அவள் கூட்டத்தோடு மேலே ஏறிப் போய்விட்டாள்.

தரிசனத்துக்கு மூன்று மணி நேரமானது. கங்கை ஜலம் பட்டர் கைக்குப் போயிற்று. தலை பார்த்தாயிற்று என்றார் தாய் வெளியே வந்து. வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் பாட்டனின் பழைய அரண்மனைச் சதுக்கத்தைச் சுற்றிப் பார்க்க அழைத்தபோது, அறையிலேயே இருக்கிறேன், நீ போய்வா என்றார். மகன் போகவில்லை.

திரும்பும் பயணத்தில் படிக்கட்டடியில் நடந்த கூடுதல் சோதனையில் பெண் காவலர் காலிச் செம்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நெற்றியில் வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். தில்லியில் குடியேற்றக் கூடத்தின் சுவரில் பெரிய உலோகக் கைகள் முத்திரை காட்டி வரவேற்கின்றன. பத்திரமாக வந்துவிட்டோம் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான வரவேற்பு இல்லை.

அலுவலகத்தில் கணக்குப் பிரிவு நண்பர் விடவில்லை. காகிதத்தில் போட்டுக் காட்டினார். ஒரு மைலுக்கு நாற்பது காசுகூடத் தேறவில்லை. கணக்கு சரிதான் என்று மேலாளரும் ஒப்புக்கொண்டார். பரிசு டிக்கெட்டில் பறந்ததற்குப் புதிய மைல் சேராது என்பதால் கணக்கில் இப்போது சில நூறுகளே மிச்சம். டிசம்பரில் அவர் வழக்கம்போலப் பாட்னா விமானம் ஏறினார்.

வீடு திரும்பியதும் தாய் கேட்ட முதல் கேள்வி, இந்தத் தடவை எத்தனை மைல் சேர்ந்தது என்பது. தர்மசாலையில் பக்கத்து அறைக்காரர்கள் முக்திநாத் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ் வைணவர்கள் 108 திவ்விய தேசங்களில் ஒன்றாகச் சாளக்கிராமம் என்று போற்றுவதும் அந்தத் தலத்தையே. அங்கே போவதற்குப் பொக்காராவிலிருந்து மலையிடுக்கு வழியாக ஜோம்சோம் வரை சின்ன விமானம். பிறகு ஜீப். 3,700 மீட்டர் உயரம். அந்தச் சின்ன விமானங்களில் தன் மைல் செல்லாது என்பதை மகன் இன்னும் தாயிடம் சொல்லவில்லை.